கோலம் இல்லாத வாசல்

எனக்குச் சந்தேக புத்தி. பால் பாக்கெட்டைக்கூட அமுக்கிப் பார்த்துவிட்டுத்தான் வாங்குவேன். அதனால் சிதம்பரத்தில் எங்கள் பகுதிக்குக் குற்றத் தடுப்புக் கூட்டுக் குழு வருகிறது என்றபோது, திருடனுக்கு முன்னால் குழுவைத்தான் சந்தேகப்பட்டேன். தானே புயலுக்கு இரண்டு வருஷம் முன்பு, மார்கழி பிறக்கிற சமயம். தரிசனக் கூட்டத்தோடு திருடர்களும் ஊருக்குள் வருவார்கள், எல்லா இலாகாவும் சேர்ந்து ஏதாவது செய்யுங்கள் என்று கடலூரிலிருந்து உத்தரவு வந்திருந்தது.

கல்யாண மண்டபத்தில் மத்தியானக் கூட்டம். போலீஸ், நகராட்சி, மின்வாரியம், வியாபாரிகள் சங்கம், அப்புறம் தெருவுக்கு இரண்டு பேர். எங்கள் தெருவுக்கு நானும் எதிர்வீட்டு அக்காவும். தெருவிளக்கு ஏன் எரியவில்லை என்று கேட்டேன். நகராட்சிக்காரர் மின்வாரியக்காரரைப் பார்த்தார், அவர் இவரைப் பார்த்தார். ஒருவரை ஒருவர் நம்பாதவர்கள் சேர்ந்து எங்களைக் காப்பாற்றப் போகிறார்களாம். கொடுத்த போண்டாவைப் பிட்டு உள்ளே பார்த்துவிட்டுத்தான் தின்றேன்.

இன்ஸ்பெக்டர் சொன்ன யோசனையில் மட்டும் என்னால் குறை கண்டுபிடிக்க முடியவில்லை.

"மார்கழி மாசம், தெரு பூரா கோலம் இருக்கும். ஒரு வாசல் மட்டும் காலியா கெடந்தா, நாமளே திருடனுக்குப் பத்திரிகை வெச்சிக் கூப்புட்ட மாதிரி. ஊருக்குப் போறவங்க அக்கம்பக்கத்துல சொல்லிட்டுப் போங்க. பூட்டின வூட்டு வாசல்ல பக்கத்து வூட்டுப் பொம்பளைங்க கோலம் போட்டுடணும்."

எங்கள் தெருவுக்கு அந்தப் பொறுப்பை எதிர்வீட்டு அக்கா எழுந்து நின்று ஏற்றுக்கொண்டார். எல்லாரும் கைதட்டினார்கள். அக்காவுக்குத் தன் வாசலில் குனியவே இடுப்பு விடாது. மறுநாளே அந்த வேலை, எங்கள் இரண்டு வீட்டையும் சேர்த்து நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவள் தலையில் விழுந்தது. அவளும் முகம் சுளிக்காமல் செய்தாள். சும்மா சொல்லக் கூடாது, பூட்டிய வீடா இது என்று கேட்கும்படி பூசணிப்பூகூட வைப்பாள்.

அந்த மார்கழியிலேயே எங்கள் தெருக்கோடி வீட்டில் பின்கதவை உடைத்துத் திருட்டுப் போனது. வீட்டுக்காரரின் அப்பா காட்டுமன்னார்கோயிலில் இறந்துபோய், காரியம் முடிந்துதான் வருவோம் என்று குடும்பமே அங்கே போயிருந்தது. பூஜை அறை வெள்ளியும் ஒரு சங்கிலியும் போய்விட்டன.

போலீஸ் கணக்குப்படி, எந்தெந்த வீடு பூட்டியிருக்கிறது என்று தெரிந்தவள் அவள் ஒருத்திதான். போதாததற்கு, மற்ற பூட்டிய வீடுகளுக்கெல்லாம் கோலம் போட்டவள் அந்த வாசலை மட்டும் விட்டிருந்தாள். எவனுக்கு அடையாளம் காட்டினாய் என்று ஸ்டேஷனில் வைத்துப் பகல் முழுக்கக் கேட்டார்கள். சாயங்காலம் விட்டார்கள். மறுநாள் மூன்று வீடுகளில், கொஞ்ச நாள் வராதே என்று சொல்லிவிட்டார்கள். முதலில் சொன்னது எதிர்வீட்டு அக்கா. புருஷன் இல்லாதவள், இந்த நாலு வீடுதான் அவளுக்குச் சோறு.

நான் நிறுத்தவில்லை. இரக்கம் என்று நினைக்க வேண்டாம். கண்ணெதிரே இருந்தால் கவனிக்கலாம் என்ற எண்ணம்தான். அவள் பாத்திரம் தேய்க்கும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

"அந்த ஒரு வூட்ட மட்டும் ஏம்மா விட்ட?"

"சாவு விழுந்த வூடு டீச்சர். கருமாதி ஆவறதுக்குள்ள எப்படிக் கோலம் போடறது? எதிர்வூட்டு அம்மாவும் கூடாதுன்னுட்டாங்க."

"இத ஸ்டேஷன்ல சொல்றதுதான?"

"கூடாதுன்னு சொன்னாங்கன்னேன். யாரு சொன்னதுன்னு கேட்டாங்க. அவுங்கள இழுத்து வுட்டா அப்புறம் அந்த வூட்டுப் படி ஏற முடியுமா? அவுங்களே வந்து சொல்லுவாங்கன்னு இருந்தேன்."

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. இத்தனை இலாகா கூடி உட்கார்ந்து யோசித்ததில், மார்கழியிலும் மனிதர் சாவார்கள் என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. ஆனால் அக்காவுக்குத் தெரியும். தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு, அவளை வேலைக்கும் வராதே என்றால் என்ன அர்த்தம்? எனக்குக் கோபம் தலைக்கேறியது.

அடுத்த கூட்டத்தில் எழுந்து நின்றேன்.

"சார், உங்க வீட்டுல ஒரு சாவுன்னா வாசல்ல கோலம் போடுவீங்களா?"

இன்ஸ்பெக்டர் விழித்தார். வியாபாரிகள் சங்கத்துக்காரர்தான், "அதெப்படிம்மா போடுவாங்க?" என்றார்.

"அந்தப் பொண்ணும் அதான் போடல. போடக் கூடாதுன்னு அவகிட்ட சொன்னவங்க இந்த மண்டபத்துலதான் இருக்காங்க. அவுங்களே சொல்லட்டும்."

சொன்னவர் கைப்பையில் எதையோ தேடிக்கொண்டிருந்தார். நானும் விடாமல் நின்றுகொண்டிருந்தேன். தேடியது கடைசிவரை கிடைக்கவில்லை. இன்ஸ்பெக்டரே தொண்டையைச் செருமிக்கொண்டு, "சரிம்மா, இனிமே அந்தப் பொண்ண ஸ்டேஷனுக்குக் கூப்புட மாட்டோம்" என்றார். கூட்டம் தெருவிளக்குக்குப் போய்விட்டது.

சில மாதம் கழித்துப் பண்ருட்டிப் பக்கம் ஒருவன் பிடிபட்டான். கோலம் இல்லாத வாசலைப் பார்த்துத்தான் அந்த வீட்டில் புகுந்தானாம். போலீஸ் சொன்னதை நான் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். மூன்று வீட்டிலும் அவளைத் திரும்பக் கூப்பிட்டார்கள், அவளும் போனாள்.

எதிர்வீட்டில் வேலை முடிந்து கிளம்பும்போது மட்டும் அவளுக்கு ஒரு புதுப் பழக்கம். வாசலுக்கு வந்து தன் ஒயர் கூடையைத் தலைகீழாகக் கவிழ்ப்பாள். வெற்றிலைப் பொட்டலம், துண்டு, மிச்சம் கட்டிக் கொடுத்த இட்லி எல்லாம் அக்காவின் காலடியில் விழும். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து உள்ளே வைப்பாள்.

ஒருநாள் அக்கா பொறுக்க முடியாமல், "வேணாம்மா, தெருவே பாக்குது. நான் உன்ன சந்தேகப்படல" என்றார்.

அவள் நிமிரவில்லை. "தெரு பாக்கட்டும்மா. நாளைக்கி ஏதாச்சும் காணாம போனா அவுங்களாச்சும் சொல்லுவாங்க. நீங்க சொல்ல மாட்டீங்க."

கூடை நிரம்பும்வரை அக்கா வாசலிலேயே நின்றார்.