கப்பல்காரருக்கு ஒரு தக்காளி

"பின்னாடி பாரு, பின்னாடி பாரு, கதவு இடிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, சுழல் நாற்காலியைப் படுக்கையறையிலிருந்து ரிவர்ஸ் எடுக்கிறார் பிரேக் அக்கா. நாற்காலியில் ஆள் இல்லை, தொட்டியோடு ஒரு தக்காளிச் செடி உட்கார்ந்திருக்கிறது. காலையில் படுக்கையறை ஜன்னலில் விழும் வெயில், போகப் போகக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு ஹாலுக்கு வந்துவிடும். பால்கனி இல்லாத நான்காம் மாடி வீடு. வெயில் போகிற இடத்துக்கெல்லாம் செடியும் போயாக வேண்டும்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஓட்டப் பழகுபவருக்குப் பக்கத்து சீட்டில் உட்காருவார். அவர் காலடியில் தனியாக ஒரு பிரேக் உண்டு, பேர் வந்த கதை அதுதான். "ஸ்டியரிங் அவங்க கையில, உயிர் என் கால்ல" என்பார். யார் எவ்வளவு பயமுறுத்தினாலும் திட்டமாட்டார். "பரவால்லப்பா, அந்தச் சுவர் எங்கயும் போகாது. நாம கொஞ்சம் தள்ளிப் போலாம்" என்பதோடு சரி.

வீட்டில் கை வைக்க இடமில்லை. குளிர்பதனப் பெட்டியின் தலையில் புதினா, வாஷிங் மெஷின் மேல் கொத்தமல்லி, செருப்பு ஸ்டாண்டில் மிளகாய். திரைச்சீலைக் கம்பியில் தொங்கும் ஸ்ட்ராபெரி இதுவரை இரண்டு பழம் கொடுத்திருக்கிறது. "நாக்குல பட்டுச்சா இல்லையான்னே தெரியல" என்கிறாள் கல்லூரிக்குப் போகும் மகள். இதெல்லாம் ஆசைக்கு வைத்தவை. தக்காளி அப்படியில்லை.

அக்காவின் கணவர் சரக்குக் கப்பலில் சமையல்காரர். ஒருநாள் போனில், "ஐஸ்ல கெடந்த தக்காளியவே வெட்டிட்டிருக்கேன்மா. கத்தி வச்சா வெறும் தண்ணி. வீட்டுக்கு வந்ததும் செடியிலயே பழுத்தது ஒண்ணு கடிக்கணும்" என்றார். மனைவியிடம் வாய் திறந்து எதையும் கேட்டறியாத மனிதர். கப்பலை விட்டு இறங்க அப்போது இன்னும் நாலு மாதம் இருந்தது. விதைக் கடைக்குப் போன அக்கா வேறு எதையும் விசாரிக்கவில்லை. "நாலு மாசத்துல எது பழுக்கும்?" என்று மட்டும் கேட்டு வாங்கி வந்தார்.

செடி மளமளவென்று வளர்ந்தது, பூத்தது. பூவெல்லாம் உதிர்ந்தது. தண்ணீர் போதவில்லையோ என்று இன்னும் ஊற்றினார், இன்னும் உதிர்ந்தது. மகள்தான் எங்கோ படித்துவிட்டு வந்து சொன்னாள்: "வீட்டுக்குள்ள காத்தும் இல்ல, தேனீயும் இல்லம்மா. பூவை யாராவது உலுக்கிவிடணும்."

அக்கா நேரே குளியலறைக்குப் போனார். அங்கே குவளையில் கணவர் விட்டுப்போன, பல் தேய்க்கும் பேட்டரி பிரஷ் நின்றுகொண்டிருந்தது. அதைத் துடைத்துத் துடைத்து வைப்பாரே தவிர, எடுத்து உள்ளே போட அவருக்கு மனசு வந்ததில்லை. பூக்காம்பில் வைத்து அழுத்தினால் 'ஙொய்' என்று அதிர்ந்தது, மஞ்சள் பொடி உதிர்ந்தது. கணவர் வீட்டில் இருக்கும் காலைகளில் குளியலறையிலிருந்து கேட்கும் சத்தம் அது. பூ இல்லாத நாளிலும் அக்கா ஒரு தடவை அதை ஓடவிட்டுக் கேட்பார். அவரைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது, வேறொன்றுமில்லை.

அத்தனை பூவில் பிடித்தது ஒன்றே ஒன்று. அது கனத்துத் தொங்க ஆரம்பித்ததும், பழைய துப்பட்டாவைக் கிழித்துத் தூளி போலக் கட்டினார். "சீட் பெல்ட் போட்டாச்சா?" என்றாள் மகள். கணவர் இறங்கும் வாரம் நெருங்க நெருங்கப் பழமும் சிவந்தது. தொட்டுப் பார்க்கக்கூட யாருக்கும் அனுமதியில்லை.

நேற்று மத்தியானம் போன் வந்தது.

"ஏம்மா, எனக்குப் பதிலா வரவேண்டிய ஆள் வரலையாம். இன்னும் நாலு மாசம் இருக்கச் சொல்லிட்டாங்க."

அக்காவின் வலது கால் தரையை அழுத்தி மிதித்தது. அந்தத் தரையில் பிரேக் இல்லை.

"சரிங்க" என்றார். "சாப்பிட்டீங்களா?"

"ஆச்சு. தக்காளி எப்படி இருக்கு?"

"நல்லாப் பழுத்துருச்சு."

"வச்சிருந்தா அழுகிடும்மா. நீயும் பாப்பாவும் சாப்பிடுங்க."

சாயங்காலம் மகள் வந்ததும் அக்கா தூளியை அவிழ்த்துப் பழத்தைப் பறித்தார், இரண்டாக வெட்டினார். ஒரு பாதியை மகள் நின்றபடியே தின்றாள். "நல்லாருக்கும்மா" என்றாள், அம்மாவின் முகத்தைப் பார்க்காமல்.

மறுபாதி தட்டிலேயே இருந்தது. அக்கா ஒரு ஸ்பூனை எடுத்து அதன் விதைகளை மட்டும் வழித்தார். டிஷ்யூ பேப்பரில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பினார். பிறகு அதை நாற்காலியில் வைத்து, மறுநாள் காலை முதல் வெயில் விழப்போகும் ஜன்னலைப் பார்த்து ரிவர்ஸ் எடுத்தார். "மெதுவா," என்றார், "பின்னாடி பாரு."