ஏசம்மாள் வீட்டுக் கைப்பிடி

ஸ்ரீவில்லிபுத்தூரில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் சமுத்திரத்துக்கு ஒரு கர்வம் உண்டு. அவன் செய்த கேட்டையோ கைப்பிடியையோ எத்தனை பேர் தடவிப் பார்த்தாலும் ஒட்டின இடம் தெரியாது. கிரைண்டரில் தேய்த்து, பஃபிங் போட்டு, முகம் பார்க்கிற பதத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் வீட்டுக்காரரைக் கூப்பிடுவான். "எங்க ஒட்டிருக்குன்னு கண்டுபிடிங்க பாப்போம்" என்பான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரும் கண்டுபிடித்ததில்லை. அந்தக் கர்வத்தோடுதான் போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, லோடு ஆட்டோவில் துருப்பிடிக்காத எஸ்.எஸ். எஃகுப் பைப்புகளை ஏற்றிக்கொண்டு ராஜபாளையத்தில் ஏசம்மாள் வீட்டு வாசலில் போய் இறங்கினான்.

வேலையைச் சொன்னது ஏசம்மாளின் மகன் ஸ்டெபின். சென்னையில் மூன்றாவது மாடியில் குடியிருப்பவன். அம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது, இரண்டு கண்ணும் தெரியாது, தனியாகத்தான் இருக்கிறாள், கார்த்திகையில் குளியலறைப் பக்கம் விழுந்து மணிக்கட்டு முறிந்து இப்போதுதான் கட்டுப் பிரித்தார்கள் என்று போனில் ஒரே மூச்சில் சொன்னான். வாசலில் தொடங்கி, கட்டிலைத் தாண்டி, அடுப்படி வழியாகக் குளியலறை வரை சுவரோடு கைப்பிடி ஓட வேண்டும். அளவெல்லாம் வாட்ஸ்அப்பில் வந்தது.

"செவ்வாக்கிழமை காலைல ரயில்ல வாரேண்ணே. அம்மா தடுமாறாம நடந்துட்டா இங்கனயே இருக்கட்டும். இல்லைன்னா என்கூடக் கூட்டிட்டுப் போயிருவேன். திரும்பிப் போக ரெண்டு பேருக்கும் டிக்கெட் போட்டாச்சு" என்றான்.

இரண்டு டிக்கெட் போட்டவன் எந்த முடிவோடு வருகிறான் என்று சமுத்திரத்துக்குப் புரியாமல் இல்லை. நமக்கென்ன, வேலையை ஒழுங்காக முடிப்போம் என்று நினைத்துக்கொண்டான்.

ஏசம்மாள் அப்போது சர்ச் ஆராதனைக்குப் போயிருந்தாள். ஸ்டெபின் சொன்னபடி ஜன்னல் மேட்டில் இருந்த சாவியை எடுத்துத் திறந்து உள்ளே போனால், சுவர் நெடுக இடுப்பு உயரத்துக்கு ஆணி. ஆணிக்கு ஆணி நூல். பல இழைகளை முறுக்கிச் சுண்டுவிரல் பருமனுக்குத் திரித்த பஞ்சு நூல், பிசுக்கேறிக் கறுத்து, நடுநடுவே முடிச்சு முடிச்சாகக் கிடந்தது. துணி காயப்போடக் கட்டினது போலும், அதையும் கட்டத் தெரியாதவர் கட்டினது போலும் என்று எண்ணினான். சுவர் சுத்தமாக இருந்தால்தானே பைப் எடுப்பாக இருக்கும்? கட்டிங் பிளேயரை எடுத்து நறுக் நறுக்கென்று வெட்டி, ஆணிகளைப் பிடுங்கி, எல்லாவற்றையும் ஒரு சாக்கில் திணித்து மூலையில் போட்டான். பதினொன்றரை மணிக்கெல்லாம் கைப்பிடி வெள்ளியாக மின்னியது. நின்று பார்த்தான். அவனுக்கே ஆசையாக இருந்தது.

பக்கத்து வீட்டு ரெனிட்டா, ஏசம்மாளை வாசலில் விட்டுவிட்டுப் போனாள். செருப்பைக் கழற்றிய ஏசம்மாள், எதையோ எடுக்கப் போகிறவள் மாதிரி இடது கையைச் சுவருக்கு நீட்டினாள். கை காற்றைத் துழாவிற்று. கொஞ்சம் கீழே பைப் தட்டுப்பட்டதும் முகம் மலர்ந்தாள்.

"பைப்பு வந்திருச்சா? நான் வந்த பொறவு ஆரம்பிக்கச் சொல்லுன்னு ஸ்டெபின்கிட்ட சொல்லிருந்தேனே" என்று சொல்லிக்கொண்டே பிடித்து நடந்தாள். நன்றாகத்தான் நடந்தாள். கட்டிலைத் தாண்டினாள், அடுப்படியைத் தாண்டினாள். பின்கட்டு வாசலுக்கு வந்தபோது நடை குறையவில்லை. அங்கே ஒரு படி இறக்கம். கால் வெறுமையில் விழுந்து உடம்பு முன்னால் சாய்ந்தது. சமுத்திரம் பாய்ந்து தோளைப் பிடித்திருக்காவிட்டால் இரண்டாவது மணிக்கட்டும் போயிருக்கும்.

அந்தப் படியிலேயே அவளை உட்காரவைத்தான். அவள் மூச்சு வாங்கியபடி கேட்டாள்.

"நூலு எங்க தம்பி?"

"அழுக்கா கெடந்துச்சுக்கா. வெட்டிட்டேன்."

"வெட்டிட்டியளா" என்றாள். திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். "அது நான் கண்ணால பாத்துக் கட்டுனது" என்று மட்டும் சொன்னாள்.

பிறகு அந்தப் படியில் இருந்தபடியே சொன்னதைக் கேட்டுத்தான் சமுத்திரத்துக்குத் தான் எதை வெட்டினோம் என்று தெரிந்தது.

ஏசம்மாளுக்குப் பிறந்த ஊர் சோழபுரம். பதினெட்டு வயதில் நூல் மில்லுக்கு வந்தவள், கோன் சுற்றும் பிரிவில் இருபத்தெட்டு வருடம் நின்றாள். ஓடுகிற மிஷினில் நூல் அறுந்தால் இரண்டு முனையையும் பிடித்து, கண் இமைப்பதற்குள் முடிச்சுப் போட்டு ஓட விட வேண்டும். அதுதான் வேலை. கணவன் நேசையன் லாரி ஓட்டினார். ஸ்டெபின் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தபோதே தவறிவிட்டார். நாற்பத்தாறாவது வயதில் அவளுக்கு ஓரப்பார்வை மங்கியது. மதுரையில் காட்டினபோது, கண்ணில் அழுத்தம் ஏறி நரம்பைத் தின்றுவிட்டது, போனது திரும்பாது, மிச்சமும் இரண்டு வருடம் தாங்கினால் அதிகம் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

பஸ்ஸில் கிருஷ்ணன்கோவில் வரைக்கும் அழுதுகொண்டு வந்தாள். அங்கே காலேஜ் பிள்ளைகள் திமுதிமுவென்று ஏறவும் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். ராஜபாளையத்தில் இறங்கும்போது அவளுக்கு அழுவதற்கு நேரமில்லை. இரண்டு வருடம் இருக்கிறது, அதற்குள் முடிக்க வேண்டிய வேலை இருக்கிறது என்று அவள் மனது தீர்மானித்துவிட்டது.

மில்லில் கேட்டுக் கழிவு நூல் வாங்கி வந்தாள். முறுக்கினாள். சுவரில் ஆணி அடித்துக் கட்டினாள். திரும்ப வேண்டிய இடத்துக்கு ஒரு முடிச்சு, படி இறங்கும் இடத்துக்கு இரண்டு, நெருப்பு இருக்கும் இடத்துக்கு மூன்று. தினமும் ஷிப்டு முடிந்து வந்ததும் கண்ணைத் துணியால் இறுகக் கட்டிக்கொண்டு அந்த நூலைப் பிடித்து நடந்தாள். சமைத்தாள். கை சுட்டுக்கொண்டாள், நெற்றியை இடித்துக்கொண்டாள். இடித்த நாளெல்லாம் கண்கட்டை அவிழ்த்து, முடிச்சை நகர்த்தி, மறுபடியும் கட்டிக்கொண்டு நடந்தாள். கண் தெரிகிறபோதே கண் தெரியாமல் வாழப் பழகியிருக்கிறாள், ஒரு வருடம் எட்டு மாதம், ஒரு நாள் விடாமல்.

"சுத்தமா இருட்டுன அன்னைக்கு ஊரு பூராம் மறைஞ்சு போச்சு தம்பி. வீடு மட்டும் மறையல" என்றாள் ஏசம்மாள்.

கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கிறபோது வருமே, அந்த மலைப்பு சமுத்திரத்துக்கு அந்த மனுஷியைப் பார்த்து வந்தது. கூடவே தன் கையில் இருந்த கட்டிங் பிளேயரை எங்கே ஒளிப்பது என்று தெரியாத வெட்கமும் வந்தது.

"நூலத் திரும்பக் கட்டிருவோம்க்கா. சாக்குலதான் இருக்கு."

"வேண்டாம். பத்து வருசத்துல அது இத்துப்போச்சு. ஈரத்துல வழுக்குச்சு, பிடிச்சேன், அறுந்துட்டு. அப்பிடித்தான் விழுந்தேன். பைப்பு கெட்டியா இருக்கு, அது வேணும்தான். ஆனா உம்ம பைப்பு ஊமையால்லா இருக்கு." மணிக்கட்டைத் தடவிக்கொண்டே சொன்னாள். "முந்தி மூணு மாசம் சென்னைல இருந்தேன். பிள்ளைக தங்கமாத்தான் பாத்துக்கிட்டுதுக. ஆனா ஒரு டம்ளர் தண்ணி நானா மோந்து குடிக்கல. உக்காத்தி வெச்ச எடத்துல உக்காந்திருந்தேன். திரும்ப அங்க போனா நான் கட்டில்ல கெடக்குற தலகாணி மாதிரிதான்."

அன்று சாயங்காலம் சமுத்திரம் தன் வீட்டில் கண்ணை மூடிக்கொண்டு தண்ணீர் குடிக்கப் போனான். பதினெட்டு வருடம் புழங்கிய வீடு. ஐந்தாவது எட்டில் பீரோவில் முட்டிக்கொண்டான். "கண்ணு என்ன பிடரிலயா இருக்கு?" என்று மனைவி முனீஸ்வரி கேட்டாள். நெற்றியைத் தடவிக்கொண்டே பட்டறைக்குப் போனான். அங்கே தேய்க்காமல் கிடந்த ஒரு ஜன்னல் கம்பியில் கைவைத்தபோது, ஒட்டின இடம் கட்டைவிரலில் குமிழாக இடறியது. கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டான்.

திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வெல்டிங் மெஷினோடு ஏசம்மாள் வீட்டில் இருந்தான். பைப்பில் உலோகப் புள்ளி வைக்கலாம், நெல்மணி அளவுக்கு, அது இற்றுப்போகாது என்று சொன்னதும் அவள் எழுந்துவிட்டாள். பைப்பைப் பிடித்துக்கொண்டு, வாய்க்குள் எண்ணிக்கொண்டு, வாசலிலிருந்து நடந்தாள். அங்கங்கே நின்று, "இங்க ஒண்ணு" "இங்க மூணு" என்றாள். அவன் பின்னாலேயே போய்ச் சாக்பீஸால் குறித்தான்.

"அக்கா, அடுப்பு இன்னும் ரெண்டு எட்டு தள்ளில்லா இருக்கு?"

"ரோட்டுல வேகத்தடைக்கு போர்டு எங்க வைப்பான்? தடை மேலயா வைப்பான்? எல்லாம் ரெண்டு எட்டு முந்தித்தான் இருக்கணும். இல்லைன்னா கை சொல்லுததுக்குள்ள காலு போயிரும்."

ஒரு சந்தேகத்துக்காக, அவள் அறியாமல், சாக்கிலிருந்து அறுபடாமல் தப்பிய நீளமான நூல் ஒன்றை எடுத்துப் பழைய ஆணித் துளைக்கு நேராகப் பிடித்துப் பார்த்தான். கட்டிலிலிருந்து அடுப்படி வரைக்கும் ஐந்து முடிச்சு. ஐந்தும் அவன் சாக்பீஸ் கோட்டின்மேல் வந்து உட்கார்ந்தன. ஒரு விரற்கடைகூடப் பிசகவில்லை. டேப் பிடித்தே வயிறு வளர்க்கிற சமுத்திரத்துக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"சரியா இருக்கா?" என்றாள் அவள், முகத்தைத் திருப்பாமலே. நூல் சுவரில் உரசிய சத்தம் அவள் காதுக்குப் போயிருக்கிறது.

"இருக்குக்கா" என்றான், அசடு வழிய.

சுவர் கருகாமல் ஈரச்சாக்கைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு புள்ளியாக வைத்தான். ஆறினதும் கை கிழிக்காத அளவுக்கு அரத்தால் ஒரு தடவு, அதற்குமேல் தொடவில்லை. கிரைண்டருக்குப் போகத் துடித்த கையைக் கட்டிவைப்பதுதான் அன்றைக்குப் பெரும்பாடாக இருந்தது. அவள் தடவிப் பார்த்து, "இது ரொம்ப தொந்தியா இருக்கு, கொறைங்க" என்று இரண்டை ராவவும் வைத்தாள். கடைசியாகக் குளியலறைப் பைப்பில் ஓரிடத்தில் விரலை வைத்து, "இங்க சின்னதா ஒண்ணு. அரிசி அளவு போதும்" என்றாள்.

"இங்க திருப்பமும் இல்ல, படியும் இல்லையே."

"போடுங்க. காரணம் இருக்கு."

போட்டான். அவள் எதைச் சொன்னாலும் போடுகிற நிலைக்கு அவன் வந்து வெகுநேரம் ஆகிவிட்டது.

செவ்வாய்க்கிழமை காலை ஸ்டெபின் வந்தபோது, விட்டுப்போன இரண்டு திருகாணியை முடுக்குகிற சாக்கில் சமுத்திரமும் அங்கே இருந்தான். உண்மையில் முந்தின நாளே எல்லாம் முடுக்கியாகிவிட்டது. ஸ்டெபின் பையை வைத்ததும் பைப்பைத்தான் பிடித்துப் பார்த்தான். முகம் சுருங்கியது.

"என்னண்ணே, அங்கங்க முண்டு முண்டா நிக்கி? பஃபிங் போடலையா?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. சமுத்திரத்துக்குச் சுருக்கென்றது, ஆனால் அவன் பேசவில்லை. பேச வேண்டியவள் அடுப்படியிலிருந்து வந்துகொண்டிருந்தாள். வலது கையில் காப்பி டம்ளர், இடது கை பைப்பில். ஸ்டெபின் பதறிப்போய் வாங்க ஓடினான்.

"ஏலே, வழிய விடு. இல்லைன்னா உம்மேலதான் கொட்டும்" என்றாள். விட்டான். டம்ளர் ததும்பாமல் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

"அவிய வேலைல குத்தம் கண்டுபிடிக்கியே. கண்ண மூடிட்டு அதப் பிடிச்சிட்டுப் போ. ஒண்ணுன்னா திரும்பு, ரெண்டுன்னா இறங்கு, மூணுன்னா நெருப்பு. ரெண்டு எட்டு முந்தியே சொல்லிரும்."

அம்மா சொல்லைத் தட்ட முடியாமல் கண்ணை மூடிக்கொண்டு நடந்தான் ஸ்டெபின். முதலில் சிரித்தான். அடுப்படியைத் தாண்டும்போது சிரிப்பு நின்றது. இரண்டு புள்ளி பட்டதும் காலை மெதுவாக்கிப் படியில் சரியாக இறங்கினான். குளியலறைப் பைப்பில் பாதி தூரம் போனவன் நின்றான்.

"இது என்னம்மா, சின்னதா ஒண்ணு?"

"அங்கதான் விழுந்தேன்."

கண்ணைத் திறக்காமலே நின்றான். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனான், ராத்திரி பகலாகக் கூட இருந்தான், தனியாக இருந்தது போதும் என்று சண்டை போட்டான். எந்த இடத்தில் விழுந்தாய் என்று மட்டும் அவன் ஒரு நாளும் கேட்டதில்லை. அவன் கட்டைவிரல் அந்த அரிசி அளவுப் புள்ளியை விட்டு நகரவில்லை.

"மில்லுல நூலு அறுந்தா அறுந்த எடத்துல முடிச்சப் போட்டுட்டு ஓட விடுவோம்லே" என்றாள் ஏசம்மாள், நின்ற இடத்திலிருந்தே. "அறுந்துபோச்சேன்னு மிஷின நிறுத்த மாட்டோம்."

ஸ்டெபின் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தான். காப்பியைக் குடித்து முடித்தான். பிறகு போனை எடுத்தான். முடுக்கின திருகாணியையே மறுபடி முடுக்கிக்கொண்டிருந்த சமுத்திரத்துக்குத் திரையில் ரயில் டிக்கெட் தெரிந்தது. மேலே ஸ்டெபின், கீழே ஏசம்மாள், இரண்டு பெயர். ஸ்டெபின் விரல் கீழே உள்ள பெயரின் மேல் கொஞ்ச நேரம் நின்றது, பிறகு அழுத்தியது. ஒரு பெயர் மட்டும் மிச்சமிருந்தது.

"இன்னொரு காப்பி போடவாலே?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் ஏசம்மாள் பைப்பைப் பிடித்துக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள்.