பேச்சாயி அறுத்த கயிறு

பேச்சாயியைத் தைரியசாலி என்று யாரும் சொல்லமாட்டார்கள். பல்லி கத்தினால் அப்படியே நின்றுவிடுவாள். ரோட்டில் எலுமிச்சம்பழம் கிடந்தால் தெருவையே சுற்றிக்கொண்டு போவாள். தாடிக்கொம்பு பக்கம் அவள் ஊர். மில் பஸ்ஸில் எனக்கு இடம் போட்டுக்கொண்டு வருவாள், நான் நாகல் நகரில் ஏறுவேன். கல்யாணமாகிப் பல வருடம் கழித்து இப்போதுதான் வயிற்றில் தங்கியிருந்தது. யாரிடமும் மூச்சுவிடக்கூடாது என்று என் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள்.

எங்களுக்கு டிராயிங் பிரிவில் வேலை. பஞ்சுத் திரிகளை உருளைகள் இழுத்து மெலிதாக்கும் மெஷின் அது. உருளையில் பஞ்சு சுற்றிக்கொண்டால் மூடியைத் தூக்கி, கையால் அதை எடுப்போம். மூடியைத் தூக்கியதும் அதற்கு அடியிலுள்ள சுவிட்சு மெஷினை நிறுத்திவிடும். ஆறாம் மெஷினில் அந்தச் சுவிட்சு பழுதாகிக் கிடந்தபோதுதான் அதில் வேலைபார்த்த மாயம்மாளின் மூன்று விரல்கள் போயின. எவ்வளவு தேடியும் கிடைக்கவில்லை. பஞ்சோடு போய் நூலாகியிருக்கும் என்று ஒரு பாவி சொன்னான். எனக்கு ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. நிலக்கோட்டையில் தன் வீட்டில் படுத்த மாயம்மாள், கையில் சீழ் வைத்துக் காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள்.

புதுச் சுவிட்சு போட்டார்கள். ஆனாலும் அந்த மெஷினில் நிற்க ஒருத்தியும் சம்மதிக்கவில்லை. மேஸ்திரி அழகர் ஒரு பூசாரியைக் கூட்டிவந்து, தாயத்து கோர்த்த கறுப்புக் கயிற்றை மூடிக்கு அடியில் இறுக்கிக் கட்டவைத்தார். பூசை இல்லாமல் இதை அறுப்பவர் வீட்டு வாரிசை மாயம்மாள் தொடுவாள் என்று சொல்லிவிட்டுப் பூசாரி போனார்.

அன்றைக்கு மத்தியானமே ஆரம்பித்தது. மூடியைத் தூக்கினாலும் ஆறாம் மெஷின் நிற்கவில்லை. திறந்த வாய்க்குள் உருளைகள் சுற்றிக்கொண்டே இருந்தன. சிவப்புப் பொத்தானை அமுக்கினால்தான் நின்றன. மாயம்மாள் விரலைத் தேடுகிறாள் என்று ஆளாளுக்குக் கிசுகிசுத்தார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், அந்த இரைச்சலுக்குள் யாரோ முனகுவது எனக்கும் கேட்டது. மெஷின் பழுது பார்க்கும் பிட்டரிடம் சொல்லவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பேய்க்கு எதற்குப் பிட்டர்?

மறுநாள் அதில் பானுப்ரியாவை நிறுத்தினார் மேஸ்திரி. வேலைக்குப் புதுசு, எதிர்த்துப் பேசத் தெரியாத பெண். பஞ்சு சுற்றிக்கொண்டது. மூடியைத் தூக்கினாள்; பழக்கத்தில் கை உள்ளே போனது. பக்கத்து மெஷினிலிருந்த பேச்சாயி பாய்ந்து அவள் சடையைப் பிடித்து இழுத்துத் தள்ளினாள்.

பிறகு பொத்தானை அமுக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இறுக்கிக் கட்டிய தாயத்து, சுவிட்சின் நாக்கை அமுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. மூடி திறந்திருப்பதே மெஷினுக்குத் தெரியவில்லை. இதற்கா இத்தனை பேரும் பயந்து செத்தோம் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

மேஸ்திரியும் பார்த்தார், ஒத்துக்கொண்டார், தொடமட்டும் மாட்டேன் என்றார். அமாவாசைக்குப் பூசாரி வருவார், அதுவரை பானுப்ரியா பார்த்துப் பதனமாக ஓட்டட்டும் என்றார். அவருக்கு இரண்டு பையன்கள். நான் வாய்க்கு வந்தபடி ஏசினேன். ஆனால் அந்தக் கயிற்றின் பக்கம் யார் கையும் போகவில்லை.

பேச்சாயி திரி அறுக்கும் பிளேடை எடுத்தாள்.

"வேணாம்டி, வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு..." சத்தியத்தை மறந்து எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன்.

"பயமாத்தான்டி இருக்கு," என்றவள் பானுப்ரியாவைக் காட்டினாள். "இவளும் ஒரு ஆத்தா பெத்த புள்ளதான."

அறுத்தாள். மெஷினை ஓடவிட்டு மூடியைத் தூக்கினாள். சட்டென்று நின்றது. முனகலும் நின்றது.

அதற்கப்புறம் அவள் சரியாகத் தூங்கவில்லை. ஸ்கேனில் எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார்கள், நம்பவில்லை. கனவில் மாயம்மாள் தொட்டிலோரம் உட்கார்ந்து குழந்தையின் விரல்களை எண்ணுவாளாம். மூன்று வந்ததும் நிறுத்திவிட்டு இவளைப் பார்ப்பாளாம்.

பெண் பிறந்த அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போனேன். துணியில் சுற்றிய குழந்தையை அவள் இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. நீயே எண்ணிச் சொல் என்று முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். பிஞ்சுக் கையை விரிக்கப் போனேன். அது என் விரலை இறுகப் பிடித்தது, விட்டது. மறுபடி பிடித்தது, விட்டது. மூன்று தரம். மெதுவாக இரண்டு கையையும் விரித்து எண்ணினேன்.

"பத்தும் இருக்குடி."

அவள் திரும்பவில்லை. "பானுப்ரியாவுக்கு?"

"அவளுக்கும் பத்துதான்டி."

அப்புறம்தான் குழந்தையைக் கேட்டுக் கையை நீட்டினாள்.