ஷைலா இறங்காத ரயில்

என் பெரியம்மா ஷைலாவிடம் பிரியமாக இருப்பது கடினம். யாங்கூனில், தின்கன்ஜூன் பகுதியில் அவர் குடியிருக்கும் மாடி வீட்டுக்கு யார் போனாலும், செருப்பைக் கழற்றும் முன்பே "எதுக்கு வந்தே?" என்பார். க்யிம்யிண்டைங் சந்தையில் லுங்கித் துணி விற்கிறார். விலை கேட்டுவிட்டு வாங்காமல் நகர்கிறவர்களை அவர் சும்மா விட்டதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்கும் தைரியம் யாருக்கும் வந்ததில்லை.

என் அம்மா ஜூடித் அவருக்கு நேர் தங்கை. இருவரும் முகம் கோணாமல் பேசி நான் பார்த்ததில்லை. இருவருக்கும் பிரியமான ஒரே ஆள் அவர்களுடைய தம்பி ஸ்டீவன். மாமா லிஸ்பனில் ஒரு ஓட்டலில் சமையல் வேலை பார்க்கிறார். இரண்டு வருடத்துக்கு முன் ஒரு போர்த்துகீசியப் பெண்ணோடு அவருக்குக் கல்யாணம் நிச்சயமானது. தன் பக்கத்தில் நிற்க அக்காக்கள் இருவரும் வர வேண்டும் என்று கேட்டார்.

நேரே லிஸ்பனுக்கு விமானத்தில் போயிருக்கலாம். அம்மாவுக்கு அது போதவில்லை. வியன்னாவில் இறங்கி, ரயிலில் வெனிஸ், அங்கிருந்து பஸ்ஸில் மிலான், பார்சிலோனா, மாட்ரிட் என்று ஐரோப்பாவைக் குறுக்கே கடந்து போக ஏற்பாடு செய்தார். செலவு அப்பாவுடையது. அதை அம்மா வியன்னாவிலேயே பெரியம்மாவிடம் சொல்லிக்காட்டத் தொடங்கினார். பெட்டிகளைப் பெரியம்மா தூக்க வேண்டும். படங்களைப் பெரியம்மா எடுக்க வேண்டும். ஒரு படத்தில் தன் தலை வெட்டுப்பட்டுவிட்டது என்று அம்மா விடுதி வாசலிலேயே கத்தினார்.

"பொட்டி தூக்கத்தான் ஒன்னக் கூட்டியாந்தேன். அதையாச்சும் ஒழுங்காச் செய்யி."

மறுநாள் வெனிஸ் ரயில் மலைகளுக்கு நடுவே ஒரு சின்ன ஸ்டேஷனில் நின்றது. பனி மூடிய சிகரத்தைப் படம் எடுக்க அம்மா கைபேசியோடு கீழே இறங்கினார். அவருடைய பாஸ்போர்ட், பணம், பஸ் டிக்கெட்டுகள் எல்லாம் பெரியம்மாவின் மடியிலிருந்த பையில் இருந்தன. பெரியம்மாவின் கைபேசி அந்த நாட்டில் வேலை செய்யவில்லை. கதவு மூடிக்கொண்டது. ரயில் நகர்ந்தது. அம்மா கண்ணாடியைத் தட்டிக்கொண்டே ஓடினார். பெரியம்மா அவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்.

அடுத்த ஸ்டேஷனில் அவர் இறங்கவில்லை. அதற்கடுத்ததிலும் இறங்கவில்லை.

பெரியம்மா அதுவரை ஏறிய ஒரே ரயில் யாங்கூனைச் சுற்றி வரும் வட்ட ரயில்தான். சந்தைக்குப் போவதும் வருவதும் அதில். சின்ன வயதில் ஒருமுறை நானும் கூடப் போயிருந்தேன். அவர் தூங்கிப்போக, இறங்க வேண்டிய ஸ்டேஷன் கடந்துவிட்டது. நான் பயந்து எழுப்பினேன். "பேசாம உக்காரு, வண்டி எங்க போயிரும்? சுத்திட்டு இங்கதானே வந்தாகணும்" என்று சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். வண்டி அப்படித்தான் வந்து சேர்ந்தது. மொழி தெரியாத ஊரில், தனியாக, நான்கு பெட்டிகளோடு பயந்துபோனபோது அவர் பழகியதையே செய்தார். வெனிஸில் எல்லோரும் இறங்கிப்போன பிறகும் அவர் எழுந்திருக்கவில்லை. ரயில் பெட்டியைக் கூட்ட வந்தவர்கள் போலீஸைக் கூப்பிட்டார்கள்.

அம்மா அப்போது எல்லைக்கு அந்தப் பக்கம், பாஸ்போர்ட் இல்லாமல், வேறொரு போலீஸ் அறையில் இருந்தார். இருவரும் ஒன்றுசேர்வதற்குள் பஸ்கள் எல்லாம் போய்விட்டன. ஸ்டீவன் மாமாவின் பக்கத்தில் ஒருவரும் நிற்காமலே கல்யாணம் முடிந்தது.

மாமா அம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "போட்டோ எடுக்கவாக்கா எறங்குன?" அதோடு அம்மாவிடம் பேச்சை நிறுத்திவிட்டார். வண்டி சுற்றி வரும் என்றுதான் உட்கார்ந்திருந்தேன் என்று பெரியம்மா சொன்னதை நம்பினார். ஞாயிறுதோறும் அவரை மட்டும் கூப்பிட்டுப் பேசினார்.

அம்மாவால் இதைத் தாங்க முடியவில்லை. அக்கா வேண்டுமென்றே விட்டுவிட்டுப் போனாள் என்று மாதா கோயில் முழுக்கச் சொல்லி வைத்தார். யாரும் நம்பவில்லை. மாறாக, பெரியம்மாவைப் பார்த்துச் சிரித்தார்கள். சந்தை வாசலில் டீக்கடை வைத்திருக்கும் சுப்பிரமணியம், பெயருக்கு முன் பர்மிய மரியாதைச் சொல்லும் சேர்த்து, "டோ ஷைலா, வண்டி இன்னும் வரலயா? அதுவரைக்கும் ஒரு டீ குடிங்க" என்பார். பெரியம்மா அந்தக் கடையில் டீ குடிப்பதை விட்டுவிட்டார்.

இந்த மழைக்காலத்தில் மாமாவுக்குக் குழந்தை பிறந்தது. படம் பெரியம்மாவுக்கு மட்டும் வந்தது. அதைக் கேள்விப்பட்ட அன்றே அம்மா என்னை அழைத்துக்கொண்டு தின்கன்ஜூனுக்குப் போனார்.

"எதுக்கு வந்தே?"

"என் வூட்டுக்கு வர ஒன்னக் கேக்கணுமா?"

"ஒன் புருசன் வூடு. விசயத்தச் சொல்லு."

அது உண்மை. வீடு அப்பா பெயரில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு வேறு போக்கிடம் இல்லை.

"ஞாயித்துக்கெழம ஸ்டீவன் கூப்பிடுவான்ல, நானும் வந்து உக்காருவேன்" என்றார் அம்மா. "வேணும்னே விட்டுட்டுப் போனேன்னு அவங்கிட்டச் சொல்லு. சொன்னா, சாகுற வரைக்கும் இங்கயே இரு. இல்லன்னா மாசக் கடைசில சாவியக் குடு."

"பொய் சொல்லச் சொல்றே."

"எது பொய்யி? அம்பது வயசுப் பொம்பள, ரயிலு சுத்தி வரும்னு உக்காந்திருந்தாளாம். அவ்வளவு முட்டாளா நீ? ஊரே சிரிக்குது. முட்டாளா, துரோகியா, ரெண்டுல ஒன்னச் சொல்லிக்க."

பெரியம்மா என்னைக் காட்டினார்.

"ஒம் பொண்ணு கேட்டுக்கிட்டு நிக்கிறா. வூட்டப் பத்திச் சொன்னத இன்னொரு தடவ சொல்லு."

அம்மா சொன்னார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டு கைபேசிக்கு நேரே உட்கார்ந்தார். திரையில் மாமா தோளில் குழந்தையோடு வந்தார். அம்மாவைக் கண்டதும் அவருடைய சிரிப்பு நின்றுபோனது.

"ஸ்டீவன், இவளுக்கு ஒன்னு வேணுமாம், அதான் வந்திருக்கா" என்றார் பெரியம்மா. "அன்னிக்கி நான் அடுத்த ஸ்டேஷன்ல எறங்கியிருக்கலாம். வேணும்னேதான் எறங்கல."

"கேட்டியா தம்பி" என்று அம்மா திரையை நோக்கிக் குனிந்தார்.

"இரு, நான் இன்னும் முடிக்கல. இவ கண்ணாடியத் தட்டிக்கிட்டு ஓடியாந்தா பாரு ஸ்டீவன், அந்த மாதிரி ஒரு சந்தோசம் எனக்கு அதுக்கு முன்னாடி வந்ததே இல்ல. ஒங் கல்யாணம்கூட அப்ப நெனப்புல இல்ல. நாளைக்கே கூட்டிட்டுப் போனாலும் அதையேதான் செய்வேன்."

அந்தக் குரலில் நடுக்கம் இல்லை. உண்மை தெரிந்த எனக்கே ஒரு கணம் பயமாக இருந்தது.

மாமா குழந்தையை மறு தோளுக்கு மாற்றிக்கொண்டார். "ஒருத்தி போட்டோவுக்கு எறங்குனா, ஒருத்தி அதப் பாத்துச் சந்தோசப்பட்டா. கோயில்ல நான் தனியா நின்னேன். ரெண்டு பேரும் நல்லா இருங்கக்கா. இனிமே என்னைய விட்டுருங்க" என்றார்.

திரை அணைந்தது.

"அவன எங்கிட்டருந்து ஒரேயடியாப் பறிச்சிட்டியேடி" என்றார் அம்மா.

"நீ கேட்டதத்தான் குடுத்தேன். கொஞ்சம் கூடவே குடுத்தேன். இனி வூட்டுப் பேச்சை எடுக்காத. கெளம்பு."

படியில் பாதி வழியில் அம்மா நின்றார். ஊரெல்லாம் தானே சொல்லி வந்ததை என்னிடம் கேள்வியாகக் கேட்டார்.

"அவ நெசமாவே வேணும்னுதான் செஞ்சிருப்பாளோ?"

மிங்கலாடோனில் எங்கள் வீடு வந்து சேரும்வரை டாக்சியில் அம்மா மாமாவின் எண்ணை அழுத்திக்கொண்டே வந்தார். அவர் எடுக்கவில்லை.