எல்லையை யார் காட்டுவது

2025 மார்ச் 18, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பதரை மணிக்கு நில அளவையாளர் எங்கள் முற்றத்தில் தமது முக்காலியை ஊன்றினார். எங்கள் பக்கத்தில் அவர்களைச் சேவையர் என்பதே வழக்கம். அவரை அழைத்து வந்தவர், எங்கள் வீட்டை வாங்கவிருந்த கடை முதலாளி. அளவைக்கான செலவும் அவருடையதே.

நீரிழிவு அப்பாவின் பார்வையைப் பெரும்பாலும் எடுத்துவிட்டிருந்தது. மட்டக்களப்பில் அக்காவின் வீட்டருகே போய் இருப்பதென்று தீர்மானித்தோம்; அதனால்தான் விற்பனை. அளவைச் செலவை யார் ஏற்பது என்ற பேச்சு வந்தபோது அப்பா மட்டும், "எங்கட செலவில அளந்து குடுத்தால் நல்லம்" என்றார்.

அம்மா சிரித்தார். "விக்கிறதும் நாங்கள், அளக்கிறதும் நாங்களோ? பிறகு வாங்குறவருக்குச் சோத்தையும் குழைச்சு ஊட்டி விடுவம்."

"அப்பிடியில்லை. ஒரு நேர்மைக்கு…"

"நேர்மை கிடக்கட்டும். ஊரில ஆர் அப்பிடிக் குடுக்கினம்?"

அப்பா அதற்குமேல் காரணம் சொல்லவில்லை. முதலாளியும் மரியாதையாகவே, "உங்களுக்கு ஏன் அண்ணை அந்தப் பாரம், நான் அளப்பிக்கிறன்" என்றார். விற்பனை உடன்படிக்கையை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியது நான். வாங்குபவர் தம் செலவில் தயாரிப்பிக்கும் வரைபடத்தின்படியே காணி கைமாறும் என்ற வரியை மட்டும் மறுபடி வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். எந்த இடம் என்று கேட்டுக் கையொப்பமிட்டார்.

எங்கள் கிழக்கு வேலிக்கு அப்பால் இருப்பது மாமியின் வீடு. உறவுமுறையில் மாமி அல்லர். நான் பிறப்பதற்கு முன்பே கட்டைபறிச்சான் என்ற ஊரிலிருந்து இடம்பெயர்ந்து வந்து, அந்தச் சிறு வளவில் தனியாக வாழ்பவர். வீட்டுச் சுவருக்கும் எங்கள் வேலிக்கும் நடுவே தகரம் போட்டு ஒரு குசினி வைத்திருந்தார். விடியுமுன் அங்கே அவிக்கும் இடியப்பம்தான் இறங்குதுறையடித் தேநீர்க் கடைகளுக்குப் போகும். அவருடைய சீவியம் முழுவதும் அந்தக் குசினிதான்.

சேவையர் கருவியைச் சரிசெய்துகொண்டு, "எல்லையை ஆர் காட்டுறது?" என்று கேட்டார்.

அப்பா கதிரையிலிருந்து எழுந்தார். தடியால் நிலத்தைத் தடவியபடி கிழக்குப் பக்கம் நடந்து வேலியில் கைவைத்தார். "நான் காட்டுறன். இந்த வேலிதான்."

"வேலி வேண்டாம் அண்ணை," என்றார் முதலாளி. "காணி உறுதியில இருக்கிற அளவுப்படி பிடிக்கட்டும்."

சேவையர் இருவரையும் பார்த்தார். பிறகு முதலாளி சொன்னபடி எங்கள் பழைய உறுதிப் பத்திரத்தை விரித்தார். தாள்கள் காற்றில் பறக்காமல் பிடித்துக்கொண்டு நின்ற என்னிடம், குரலைத் தாழ்த்தி, "கூப்பிட்ட ஆள் காட்டுறதைத்தான் நாங்கள் அளக்கிறது, பிள்ளை" என்றார். "நீங்கள் கூப்பிட்டு வேலியைக் காட்டியிருந்தால், நான் வேலியைத்தான் படத்தில எல்லையாக் கீறியிருப்பன்."

அந்த அளவுப்படி எல்லைக் கட்டை மாமியின் குசினிக்குள், அடுப்புக்கு அருகே விழுந்தது. மாமி மாவு ஒட்டிய கைகளோடு எழுந்து, கட்டை அடிக்க வசதியாக இடியப்பம் அவிக்கும் நீத்துப்பெட்டிகளை ஒதுக்கிக் கொடுத்தார். நிலம் மண்தரை, இரண்டு மூன்று சுத்தியல் அடியிலேயே கட்டை இறங்கிவிட்டது.

அவர்கள் போன பிறகுதான் அப்பா சொன்னார். அந்தத் துண்டு நிலம் எங்களுடையது. மாமி வந்த புதிதில் அடுப்பு வைக்க இடமின்றி வீதியோரத்தில் சமைத்தாராம். அப்பா வேலியை எங்கள் பக்கமாக உள்ளே அரக்கி, நகர்த்திக் கட்டி, இனி அது உங்களுடையது என்று வாயால் சொல்லியிருக்கிறார். எழுத்தில் ஒன்றும் இல்லை.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை நீங்கள்," என்றார் அம்மா.

"சொன்னால் விட்டிருப்பீரோ?"

அம்மா எங்கள் குசினிக்குள் போய்விட்டார்.

மாலையில் அப்பாவைக் கைபிடித்து முதலாளியின் கடைக்கு அழைத்துச் சென்றேன். அவர் எழுந்து நின்று, அப்பாவுக்குத் தம் கதிரையைக் கொடுத்தார். அந்தத் துண்டை விட்டுவிட்டு மற்றதை எடுக்க முடியுமா என்று அப்பா கேட்டார். அதற்கேற்ப விலையைக் குறைக்கலாம் என்றும் சொன்னார்.

"களஞ்சியம் கட்டப் போறன் அண்ணை. லொறி திரும்ப இடம் வேணும். விட ஏலாது."

"நான் அந்த மனுசிக்குச் சொல்லுக் குடுத்திட்டன்."

"எனக்கு எழுத்தில தந்திருக்கிறீங்கள் அண்ணை." அவர் குரலில் கோபம் இருக்கவில்லை. "ஒரு மாதம் பொறுக்கிறன். அதுக்குள்ள அவவைக் குசினியைக் கழட்டச் சொல்லுங்கோ."

திரும்பும் வழியில் உட்துறைமுகத்தை ஒட்டி நடந்தோம். மாமியிடம் எப்படிச் சொல்வது என்பதைப் பற்றி மட்டும் அப்பா பேசினார்.

வீட்டை விற்பவர் அளவைச் செலவை ஏற்க வேண்டுமா என்று இன்று யாரேனும் கேட்டால், ஏற்க வேண்டும் என்றே சொல்வேன். வாங்குபவருக்குச் செய்யும் உபகாரமாக அன்று. எல்லையை யார் காட்டுவது என்பதை அந்தச் செலவு தீர்மானிக்கிறது. முதலாளி எங்களை ஏமாற்றவில்லை; உறுதியிலிருந்த அளவைத்தான் கேட்டார். நாங்கள் அளந்து, வேலிவரைதான் விற்கிறோம் என்று முதலிலேயே சொல்லியிருந்தால், அவர் வேறு வளவு பார்த்திருப்பார். வேலியை அரக்கிய காலத்தில் அப்பாவுக்குக் கண் தெரிந்தது. அன்றே ஒரு சேவையரை அழைத்திருக்கலாம். அதை நான் அவரிடம் சொல்லவில்லை. அவரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார் என்று எண்ணுகிறேன்.

மறுநாள் காலை, அப்பாவுக்குப் பதிலாக நானே மாமியிடம் போனேன். கடைகளுக்கு இடியப்பம் அனுப்பி முடித்து, அடுப்பருகே இருந்தார். முழுவதையும் சொன்னேன். அவர் கட்டையைப் பார்த்துக்கொண்டே எல்லாம் கேட்டுவிட்டு, அப்பாவைப் பற்றி விசாரித்தார்.

"அண்ணன் சாப்பிட்டவரோ?"

"ஓம்."

"அப்ப ஒண்டு செய்யுங்கோ பிள்ளை. கட்டைக்கு இஞ்சால எவ்வளவு மிஞ்சுதெண்டு அளந்து சொல்லுங்கோ. அடுப்பை அரக்கி வைக்கலாமோ எண்டு பாப்பம்."

வீட்டுக்குப் போய் அம்மாவின் தையல் நாடாவை எடுத்து வந்தேன். மாமி ஒரு முனையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தார். நான் மறுமுனையைக் கட்டைவரை இழுத்தேன். பிறகு அடுப்பின் அகலத்தையும் அளந்தேன். அடுப்பே இடத்தைவிடப் பெரிது. சொன்னேன்.

"சரியாப் பாத்தனீங்களோ?"

மறுபடியும் அளந்தேன். அதே அளவுதான்.