இல்லை என்று சொன்ன தெரு

நான் படித்தது பொருளாதாரம். செய்தது வீடு வீடாகக் கதவு தட்டும் வேலை. ஆசிய நாடுகள் சிலவற்றில் சின்னச் சின்னக் குற்றங்கள், அரசு அலுவலகங்கள் நடக்கும் விதம், ஏழைகளுக்குக் கடன் கிடைக்கும் வழி என்று எங்கோ உட்கார்ந்து ஆராய்ச்சி செய்கிறவர்களுக்காக, திருவள்ளூர் மாவட்டத்தில் கேள்வி கேட்டுப் பதிலை டேப்லெட்டில் ஏற்றுகிற ஆள் நான். ஒப்பந்த வேலைதான். ஆனாலும் கழுத்தில் அடையாள அட்டை தொங்கினால் நடையில் ஒரு மிதப்பு வந்துவிடுகிறது.

வீட்டில் திருட்டுப் போனதா, போலீசில் சொன்னீர்களா என்றெல்லாம் கேட்டால் ஜனங்கள் தாராளமாகப் பேசுவார்கள். ஒரே ஒரு கேள்விக்குத்தான் வாய் பூட்டிக்கொள்ளும்: போன ஒரு வருடத்தில் அரசு வேலை ஏதாவது நடப்பதற்காக யாருக்காவது லஞ்சம் கொடுத்தீர்களா?

இந்தக் கேள்விக்காகவே ஒரு முறை வைத்திருந்தார்கள். பதில் சொல்பவர் ஒரு டம்ளருக்குள் பகடையைக் குலுக்கிவிட்டு, எனக்குக் காட்டாமல் எட்டிப் பார்க்க வேண்டும். ஒன்று விழுந்தால், கொடுத்திருந்தாலும் கொடுக்காவிட்டாலும் “ஆமாம்” என்று சொல்லிவிட வேண்டும். வேறு எது விழுந்தாலும் உண்மையைச் சொல்ல வேண்டும். ஒருவர் “ஆமாம்” என்றால் அது பகடைக்காகச் சொன்னதா, நிஜமாகவே கொடுத்ததாலா என்பது எனக்கும் தெரியாது, என்னை அனுப்பியவர்களுக்கும் தெரியாது. ஆனால் எல்லாப் பதில்களையும் சேர்த்து, பகடையால் வந்திருக்கக்கூடிய ஆமாம்களைக் கழித்துவிட்டால், மொத்தத்தில் எத்தனை பேர் கொடுக்கிறார்கள் என்று தெரிந்துவிடும். பயிற்சியில் இதைக் கேட்டபோது எனக்கு மெய்சிலிர்த்தது. ஒருத்தரைக்கூடக் காட்டிக்கொடுக்காமல் ஊரையே பேச வைக்கிற வித்தை! இரண்டு நாள் வீட்டில் இதையே சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி கடைசியில், “சரி, சாப்புடுங்க” என்றாள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால் இருக்கும் ஒரு காலனிக்கு ஞாயிற்றுக்கிழமை போனேன். மற்ற நாட்களில் அங்கே ஆள் பிடிக்க முடியாது. பாதிப் பேர் ஷிஃப்டில் இருப்பார்கள், மீதிப் பேர் தூக்கத்தில் இருப்பார்கள். அவர்களுடைய அப்பா அம்மா வயலில் கூலிக்குப் போனவர்கள். இவர்கள் கம்பெனி வேன் ஏறுகிறவர்கள். முதல் வீட்டில், கார்களுக்கு ஒயர் கட்டும் கம்பெனியில் வேலை செய்யும் அக்கா ஒருவர் அப்போதுதான் சர்ச்சிலிருந்து வந்திருந்தார். டம்ளரை நீட்டியதும் சிரித்துவிட்டார்.

“இன்னா தம்பி இது, சூதாட்டம் ஆட வெக்கிற?”

முறையை விளக்கினேன். கவனமாகக் கேட்டுக்கொண்டு, குலுக்கி, எட்டிப் பார்த்து, “இல்ல” என்றார். தண்ணீர் கொடுத்தார். அடுத்த வீடும் “இல்ல”. அதற்கடுத்த வீடும் அப்படியே. மாலைக்குள் முப்பது வீடு முடித்துவிட்டு, நல்ல தெரு என்று நினைத்துக்கொண்டு ரயில் ஏறினேன்.

செவ்வாய்க்கிழமை சென்னையிலிருந்து போன் வந்தது. எங்கள் பதில்களைச் சரிபார்க்கும் மேடம் பேசினார்.

“ஒரு ஆமாம்கூட இல்லையே. யாருமே லஞ்சம் குடுக்காத ஊரா இருந்தாலும், பகடைக்கே நாலஞ்சு ஆமாம் வந்திருக்கணும். எந்த மரத்தடியில உக்காந்து நிரப்பினீங்க?”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கியவன் நான். ஆனால் கணக்கு அவர் பக்கம்தான் இருந்தது. பொய்யாக நிரப்பினான் என்று ஒருமுறை பெயர் வந்துவிட்டால் இந்தத் தொழிலில் வேறு யாரும் கூப்பிட மாட்டார்கள். அடுத்த ஞாயிறு நானே நேரில் வந்து விசாரிக்கிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

சொன்னபடி வந்தார். தெருக்குழாய் அருகில் நாற்காலி போட்டார்கள். பெண்கள் கூடினார்கள். நான் வந்தது உண்மைதான் என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். மேடம் விடவில்லை. பகடையில் யாருக்காவது ஒன்று விழுந்ததா என்று கேட்டார்.

“எனுக்கு வுழுந்துது மேடம்” என்றாள் ஒரு பெண். “ஆனா நான் இன்னாத்துக்கு ஆமான்றது? குடுக்காதத குடுத்தேன்னு சொன்னா பாவமில்லையா?”

“எனுக்குந்தான்” என்றது இன்னொரு குரல். ஐந்து பேர் தேறினார்கள். எங்கள் வித்தை ஒருவரைப் பொய் சொல்லச் சொல்கிறது என்பதே அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆராய்ச்சிக்காரர்கள் எல்லாவற்றையும் யோசித்திருந்தார்கள், இதை யோசிக்கவில்லை. மேடமும் ஒரு நிமிடம் அசந்து போனார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சரி, இது ஒண்ணு விழுந்தவங்களுக்கு. மத்தவங்க? முப்பது வீட்டுல நெஜமாவே ஒருத்தர்கூடவா குடுக்கல? இதை நான் எப்படி நம்பறது? இவர் பதிலை மாத்திட்டார்னுதான் எழுத வேண்டியிருக்கும்.”

பெண்களின் பார்வை ஒரு பக்கமாக ஓடித் திரும்பியது. ஏன் என்பது எனக்குப் புரிந்தது. மூன்று வீடு தள்ளி ஒருவர் வண்டி கழுவிக்கொண்டிருந்தார். அந்தத் தெருவில் பட்டாவோ சான்றிதழோ எது வேண்டுமானாலும் அவர் மூலமாகத்தான் அலுவலகத்துக்குப் போகும், அவர் மூலமாகத்தான் திரும்பி வரும். பேச்சு காதில் விழுந்ததும் தன் வீட்டுக் குழாயை மூடிவிட்டு எங்களையே பார்த்தார்.

முதல் வீட்டு அக்கா எழுந்தார்.

“நான் குடுத்தேன் மேடம். ஊட்டு மனை பட்டாவுக்கு. அன்னிக்கு எனுக்கு மூணு வுழுந்துது, நெஜம் சொல்லணும். பயந்துக்கினு இல்லன்னுட்டேன். பட்டா இன்னும் கைக்கு வரல.” வண்டி கழுவுகிறவர் பக்கம் அவர் திரும்பவே இல்லை. “தம்பி நான் சொன்னததான் எழுதிச்சு. பொய் சொன்னது நானு. அது பொழப்புல மண்ணப் போடாதீங்க.”

வருடக்கணக்காக அலைந்த ஒரு காகிதத்தை, ஒரே ஒரு முறை தண்ணீர் வாங்கிக் குடித்த எனக்காக அந்தப் பெண் நடுத்தெருவில் பணயம் வைத்துவிட்டார். நான் பிரமித்துப் போய் நின்றேன். கோயிலில்கூட எனக்கு அப்படிக் கை கூப்பத் தோன்றியதில்லை. ஒருவர் பேரும் வெளியே வராது என்று நாங்கள் அத்தனை பாடுபட்டுக் கட்டிய மறைப்பை விலக்கிவிட்டு, தன் முகத்தைக் காட்டிக்கொண்டு நின்றார்.

அவருக்குப் பின்னால் நைட்டியின் மேல் துண்டு போட்ட ஒரு பெண், “நானுந்தான் குடுத்தேன்” என்றாள். பிறகு இன்னொருத்தி. பிறகு ஒரு கணவனும் மனைவியும் சேர்ந்து. எழுந்து நின்றவர்களை எண்ணுவதற்குக்கூட எனக்குத் தோன்றவில்லை. மூன்று வீடு தள்ளி இருந்தவர் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

மேடம் டேப்லெட்டை மூடினார். என்னிடம் மன்னிப்புக் கேட்டார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது. அதை மறைக்கத்தானோ என்னவோ, என் பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டே கேட்டார்.

“எல்லாரும் சொல்லிட்டாங்க. நீங்க சார்? நீங்க குடுத்திருக்கீங்களா?”

முந்தைய வருடம் அப்பா இறந்த பிறகு, வாரிசுச் சான்றிதழுக்காக நானே ஒரு கவரை மேஜைக்கு அடியில் நீட்டியிருக்கிறேன். என் மனைவிக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விஷயம்.

“இல்ல மேடம்” என்றேன்.

அக்கா முகம் மலர்ந்து, “நான்தான் சொன்னனே மேடம்,” என்றார், “இந்தத் தம்பி பொய் பேசற புள்ளயே இல்ல.”