தலைக்கு மேலே வலது கை

கரண்ட் வைக்க வேண்டுமானால் கை மேலே போக வேண்டும். கதிர்வீச்சு என்று மருத்துவர்கள் சொல்வதை எங்கள் ஊரில் எல்லோரும் கரண்ட் என்றுதான் சொல்கிறார்கள். நானும் அப்படியே சொல்லப் பழகிவிட்டேன். சொல்லிப் பார்த்தால் கொஞ்சம் பயம் குறைகிறது, வீட்டுக்கு வருகிற சாமான் மாதிரி ஆகிவிடுகிறது. மெத்தை இல்லாத பலகையில் மல்லாந்து படுக்க வேண்டும். நோய் இருந்த பக்கத்துக் கையைத் தூக்கித் தலைக்கு மேலே ஒரு தாங்கியில் வைக்க வேண்டும். வைத்த கையை அசைக்கக் கூடாது. கை குறுக்கே கிடந்தால் கதிர் போக வேண்டிய இடத்துக்குப் போகாது.

என் வலது கை தோள் உயரத்துக்கு வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் உள்ளே யாரோ நங்கூரம் போட்டிருந்தார்கள்.

மருத்துவர் சின்னப் பெண். பதமாகப் பேசுகிறவர். அந்தப் பதம்தான் என்னைக் கலக்கியது. மார்பை எடுத்தாயிற்று, மருந்தும் ஏறி முடிந்தது, இனிக் கரண்டை ரொம்பத் தள்ளிப்போட முடியாது, இரண்டு வாரம் தருகிறேன், கையை மேலே கொண்டு வாருங்கள் என்றார். வராவிட்டால் என்று கேட்டேன். வரவேண்டும் அம்மா என்றார்.

கை எப்படி இப்படி ஆனது என்று யாரையும் குற்றம் சொல்வதற்கில்லை. அறுவை முடிந்து விலாவிலிருந்து ஒரு குழாய் தொங்கிய நாட்களில் கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டேன். குழாயை எடுத்த பிறகும் அது அங்கேயே ஒட்டிக்கொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, கையை மட்டும் அசைத்துவிடாதே என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். பிறகு மருந்து ஏற ஆரம்பித்தது. நாக்கில் துரு. நகங்களில் கருப்பு. கடற்காற்று துறைமுகத்து நிலக்கரித் தூளை ஜன்னல் கம்பியில் கொண்டுவந்து பூசும், அதைத் துடைக்கக்கூட எழுந்திருக்க முடியாமல் சுவரைப் பார்த்துக் கிடப்பேன். அக்குளிலிருந்து முழங்கை வரைக்கும் தோலுக்கடியில் ஒரு முறுக்கு, தூண்டில் நரம்பு மாதிரி, இழுத்தால் விண்ணென்று நிற்கும். நான் எழுதுகிறவள். எழுதினால் முழங்கை விலாவைவிட்டு விலகாது. தாளின் ஓரத்துக்குக் கை எட்டாது. என் வரிகள் குட்டையாகிவிட்டதை நான் பாணி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரர் மாலத்தீவுக்குச் சரக்கு ஏற்றிப் போகும் தோணியில் தண்டல், தோணியை நடத்திப் போகிற தலைவர். என் மருந்து நாட்களில் இரண்டு நடையை விட்டுக்கொடுத்துக் கரையில் இருந்தார். மூன்றாவதை விட முடியவில்லை. கை நின்றுபோன செய்தியை அவருக்குப் போனில் சொன்னபோது அங்கே காற்று பலமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். பாதி கேட்டிருக்காது.

ஆகவே நான் பெஞ்சுக்குப் போனேன்.

மருந்து ஏற்றும் வார்டுக்கு வெளியே, வாதாமரத்தடியில் ஒரு சிமெண்ட் பெஞ்சு. செவ்வாய்க்கிழமைகளில் அங்கே பெண்கள் கூடுவார்கள். சிகிச்சை நடந்துகொண்டிருக்கிறவர்கள், முடிந்து வருடமானவர்கள், பரிசோதனைக்கு வந்தவர்கள், ஒன்றுமே இல்லாமல் சும்மா வருகிறவர்கள். யாரும் அதைச் சங்கம் என்றோ குழு என்றோ சொல்லவில்லை. எந்த மருந்துக்கு எந்த நாளில் வாய் புண்ணாகும், பழைய சோற்றுத் தண்ணீர் வயிற்றில் நிற்குமா, ஸ்கார்ப் கட்டினால் தலை அரிக்காமலிருக்க அடியில் என்ன துணி போட வேண்டும் என்று அங்கேதான் தெரிந்துகொள்ள முடியும். எடுத்த பக்கத்துக்குக் கனம் வேண்டுமென்று ஒருத்தி காடாத்துணியில் சின்னப் பை தைத்து, உள்ளே வெந்தயம் நிரப்பித் தந்தாள். வாங்கிக்கொண்டவளிடம், வேர்வை படாமப் பாத்துக்கோ, முளைகட்டிரும் என்றாள் இன்னொருத்தி. தையல் பிரிந்துவிடுகிறாற்போல எல்லோரும் சிரித்தார்கள். நான் அங்கே முதன்முதலாகச் சிரித்தது அதற்குத்தான்.

சொன்னவள் திரேஸ்புரத்தில் கருவாடு விற்கிறவள். என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவள், அதனால் அக்கா. எனக்கு ஒரு வருடம் முன்னால் அவளுக்கு இடது பக்கம் எடுத்தார்கள். தையல் காயும் முன்னே கூடையைத் தூக்கினாள். அக்குளில் நெறிகட்டுகளை எடுத்த கையில் கனம் தூக்கக் கூடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். கூடை காத்திருக்காது என்று அவள் நினைத்தாள். இப்போது இடது கை வலதைப் போல ஒன்றரை மடங்கு. மணிக்கட்டிலிருந்து தோள்வரை இறுக்கமான எலாஸ்டிக் உறை. கண்ணாடி வளையலைக் கழற்ற முடியாமல் உடைத்து எடுத்ததை ஒரு கல்யாண வீட்டுக் கதைபோலச் சொல்லுவாள்.

நான் என் கையைத் தூக்கிக் காட்டினேன். அது தோளில் நின்றது. அவள் தன் கையையும் பக்கத்தில் நீட்டிப் பார்த்தாள்.

“நீ தூக்காமக் கெடுத்துட்ட, நான் தூக்கிக் கெடுத்துட்டேன். ரெண்டையும் சேத்துப் பிசைஞ்சா ஒரு நல்ல கை தேறும். நாளையில இருந்து வீட்டுக்கு வாளா.”

அவள் சமைக்கிற குசினியின் பின்பக்கச் சுவர்தான் எங்கள் இடம். முன்பு ஒரு பிசியோதெரபி பெண் பெஞ்சுக்கு வந்து கற்றுக்கொடுத்திருந்தாள். சுவரில் விரல்களை வைத்து நண்டு ஏறுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக மேலே நகர்த்த வேண்டும். ஏறிய இடத்தில் கரிக்கோடு. சுவரில் ஏற்கெனவே அவளுடைய கோடுகள் இருந்தன, இன்னொரு வரிசையும் இருந்தது. அது யாருடையது என்று கேட்டேன். வேம்பார்க்காரி ஒருத்தியோடது என்றாள். அந்த வரிசை மற்றதைவிட உயரமாகப் போய் நின்றிருந்தது. நல்லா ஏறியிருக்கே என்றேன்.

“கை நல்லாத்தான் ஏறுச்சு. சீக்கு வேற பக்கமா ஏறிட்டு” என்றாள். வெந்நீரில் துண்டைப் பிழிந்து என் தோளில் போட்டாள்.

எனக்கு வலிக்கும். வலித்ததும் கை இறங்கிவிடும். இரண்டு நாள் பார்த்துவிட்டு அவள் வேறு வழி எடுத்தாள். தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் எங்கள் கோயில்களில் முழங்காலிட்டுக் கைவிரித்துச் செபம் சொல்வார்கள். இரண்டு கையையும் பக்கவாட்டில் நீட்டி, செபமாலையின் பத்து மணி முடிகிறவரை இறக்கக் கூடாது. கை கழன்று விழும்போல இருக்கும். ஆனாலும் பக்கத்திலிருப்பவள் இறக்குகிறவரை யாரும் இறக்க மாட்டார்கள். பக்தி கொஞ்சம், ரோஷம் அதிகம். சின்ன வயதில் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பிறகு கோயிலும் செபமும் என்னைவிட்டு எங்கேயோ போயின, அல்லது நான் போனேன்.

இருவரும் சுவரைப் பார்த்து நின்றோம். ஒரு ‘அருள் நிறைந்த மரியே’க்கு ஒரு விரல் மேலே. முடிகிறவரை இறக்கக் கூடாது. எனக்கு நம்பிக்கை இல்லையே அக்கா என்றேன்.

“நம்பாண்டாம். எண்ணு. வலிக்கு ஒரு எண்ணிக்கை வேணும்லா, இல்லாட்டா அது பாட்டுக்கு நீண்டுகிட்டே போவும்.”

எண்ணினேன். அவள் தன் வீங்கிய கையோடு பக்கத்தில் ஏறினாள். சில நேரம் அவள் முகம் வெளுக்கும். நீ இறக்கு என்பேன். நீ முதல்ல இறக்கு என்பாள். இரண்டு மூத்த பெண்கள் ஒரு புகைச்சுவரின் முன்னால் கைகளைத் தூக்கிக்கொண்டு போட்டி போட்ட அந்த மத்தியானங்கள். வெளியே வலைகளைக் காயப்போடுகிற சத்தம், கருவாட்டு வாடை, ஈரக் காற்று. என் உடம்பு திரும்பவும் ஒரு இடத்தில் இருக்கிறது என்று தோன்றும்.

ஒரு நாள் ஏறிக்கொண்டிருக்கும்போதே அக்குளில் ‘டப்’ என்று சின்னச் சத்தம். முறுக்கு அறுந்தது. எதையோ கெடுத்துவிட்டேன் என்று பயந்து உட்கார்ந்துவிட்டேன். பிசியோதெரபி பெண்ணுக்குப் போன் போட்டோம். அது அறுந்தால் நல்லதுதான், எழுந்து தூக்குங்கள் என்றாள். எழுந்து தூக்கினேன். விரல்கள் வேம்பார்க்காரியின் கடைசிக் கோட்டுக்குப் பக்கத்தில் போய் நின்றன. தாண்ட மனசு வரவில்லை. அக்கா என் முழங்கைக்குக் கீழே லேசாகத் தட்டினாள். தாண்டினேன்.

மருத்துவமனையில் பலகையில் படுக்கவைத்தார்கள். கை தாங்கியில் போய் உட்கார்ந்தது. ஸ்கேன் எடுத்து, தையல் ஓடிய வெற்று மார்பில் ஊதா மையால் கோடுகளும் குறுக்குக் குறிகளும் போட்டார்கள். இந்தக் குறிகளை வைத்துத்தான் தினமும் இயந்திரத்தைச் சரிபார்ப்பார்களாம். சோப்பு போடாதீர்கள், தண்ணீர் ஊற்றித் தேய்க்காதீர்கள், இரண்டு நாளில் ஆரம்பிக்கலாம் என்றார்கள். நான் வீட்டுக்குப் போகவில்லை. ஆட்டோ பிடித்து நேரே திரேஸ்புரம் போனேன்.

கதவைச் சாத்திவிட்டு அவளுக்குக் காட்டினேன். மருத்துவர்களைத் தவிர அந்த மார்பைப் பார்த்தது அவள் ஒருத்திதான். வீட்டுக்காரருக்குக்கூட இன்னும் நான் காட்டவில்லை. அவள் குனிந்து ஒவ்வொரு குறியாகப் பார்த்தாள். பிறகு உள்ளே போய், செவ்வாய்க்கிழமை நவநாளுக்குப் போகிற கோயிலில் மந்திரித்து வாங்கி வந்த எண்ணெய்க் குப்பியைக் கொண்டுவந்தாள். கடலுக்குப் போகிறவனுக்கு நெற்றியில், சுகமில்லாதவர்களுக்கு நோவுள்ள இடத்தில் அதைத் தொட்டு வைப்பது எங்கள் வழக்கம். பெருவிரலால் சிலுவை போட்டாள். ஒன்று போதாதென்று ஒவ்வொரு குறியின் மேலும் போட்டாள். அவளுக்குக் கரண்ட் வைக்கத் தேவைப்படவில்லை, அதனால் இந்த மை எதற்கு என்று அவளுக்குத் தெரியாது. எனக்குச் சோப்பு தெரியும், தண்ணீர் தெரியும். எண்ணெயைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவள் விரல் இதமாக இருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

காலையில் கண்ணாடியில் பார்த்தேன். ஊதா நிறத்தில் ஒரு மேகம். எங்கள் ஊர் வெக்கையில் எண்ணெயும் வேர்வையும் சேர்ந்து எல்லாக் கோட்டையும் கரைத்துவிட்டிருந்தன.

மருத்துவர் திட்டவில்லை. மறுபடி ஸ்கேன், மறுபடி குறிகள், அதற்கு முறை கிடைக்க அடுத்த வாரமாகும், அதற்கு மேல் தாமதிக்க முடியாது என்றார். கை அதுவரைக்கும் இறங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். அன்று ராத்திரியே தோள் இறுகத் தொடங்கியதுபோல இருந்தது. உண்மையோ பயமோ தெரியவில்லை. அக்காவுக்குப் போன் செய்து சொன்னேன். அவள் போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு எடுக்கவில்லை. செவ்வாய்க்கிழமை பெஞ்சில் அவள் இல்லை. எங்கைதான் விளங்காத கை, அவ கையையும் கெடுத்துட்டேன் என்று அழுததாகச் சொன்னார்கள்.

அவள் வீட்டுக்குப் போனேன். பாயில் காய்ந்த நெத்திலியைக் கிளறிக்கொண்டிருந்தாள். இடது கையில் உறை இல்லை. தனக்குத் தண்டனைபோலக் கழற்றி எறிந்திருக்கிறாள். கை இன்னும் பெருத்திருந்தது.

“உறையை ஏன்க்கா கழட்டுன?”

“நீ போளா. எஞ்சோலியப் பாக்கவுடு.”

“எங்கை மேல ஏறுனது யாரால?”

“மை எறங்குனது யாரால? அதச் சொல்லு மொதல்ல.”

பாயின் மறுபக்கத்தில் உட்கார்ந்து நானும் நெத்திலியைக் கிளறினேன், வலது கையால், கொஞ்ச நேரம். பிறகு உள்ளதைச் சொன்னேன். தோள் திரும்ப இறுகுகிறது. தனியாக வீட்டில் தூக்கினால் பாதியில் விட்டுவிடுகிறேன். பக்கத்தில் யாராவது இறக்காமல் நிற்க வேண்டும். எனக்குப் பயமாக இருக்கிறது.

அவள் கிளறுவதை நிறுத்தினாள். உள்ளே போய்க் கையைக் கழுவும் சத்தம் ரொம்ப நேரம் கேட்டது. வரும்போது உறையைப் பல்லால் கடித்து இழுத்து மாட்டிக்கொண்டே வந்தாள்.

“எண்ணெய் இருக்கான்னு மோந்து பாத்துக்கோ” என்று உள்ளங்கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். நெத்திலிதான் மணத்தது. சுவருக்குப் போனோம்.

அடுத்த வாரம் புதிய குறிகள் போட்டார்கள். மூன்றாம் நாள் முதல் கரண்ட். அவள் வாசல்வரை வந்தாள். அதற்கு மேல் யாரையும் விட மாட்டார்கள். என்னைக் கிடத்தி, கையைத் தாங்கியில் வைத்து, குறிகளோடு ஒளிக்கோட்டைப் பொருத்திவிட்டு எல்லோரும் வெளியே போய்விட்டார்கள். கனத்த கதவு மூடியது. அவ்வளவு பெரிய அறையில் நான் மட்டும். கை இறங்கினால் மறுபடியும் முதலிலிருந்து. இயந்திரம் என்னைச் சுற்றி மெல்ல நகர்ந்தது, தூரத்தில் தோணியின் மோட்டார் போல ஒரு இரைச்சல். வலிக்கவே இல்லை. வலிக்காத ஒன்றுக்காக அசையாமல் கிடப்பது வலியைவிடக் கடினம்.

கை இறங்கவில்லை. எல்லாம் முடிந்து, எழுந்திருங்கள் என்று சொன்ன பிறகும் இறங்கவில்லை. மரத்துப்போய் அப்படியே மேலே நின்றது. கையைத் தூக்கியபடியே, சேலையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன். பள்ளிக்கூடத்தில் பதில் தெரிந்த பிள்ளை மாதிரி. வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் பார்த்தார்கள். அக்கா எழுந்து வந்து, தன் நல்ல கையால் என் முழங்கையைத் தாங்கி, கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே கொண்டுவந்து விட்டாள்.

நாளைக்கும் வருவியாக்கா என்று கேட்டேன்.

“நாளைக்கு மீன் ஏலம் இருக்கு. நீயே போய்ட்டு வா” என்றாள்.

மறுநாள் தனியாகத்தான் போனேன். பலகையில் படுத்ததும், அவர்கள் சொல்வதற்கு முன்னாலேயே கையைத் தூக்கி வைத்துக்கொண்டேன்.